வானத்துக் கண்ணும் வன்னி மண்ணும்

புதுச்சேரி வைத்திக்குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால் கீழ்புத்துப்பட்டு வரும். இலங்கைப் போரில் ஊரும் உறவும் இழந்து வந்தவர்கள் நெடுங்காலமாக வாழும் மறுவாழ்வு முகாம் அங்கே இருக்கிறது. போர் 2009 மே மாதத்தில் ஓய்ந்தது. ஆனால் அவர்கள் ஊர் திரும்பாமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது.

புதைந்த கண்ணிவெடிகளை வானிலிருந்தே கண்டறியும் முறைகள் இன்று பல நாடுகளில் சோதிக்கப்படுகின்றன. ஆளில்லா வானூர்தி ஒன்று பறந்து சென்றால் போதும், காடும் கழனியும் தம் மறையைத் திறந்து காட்டிவிடும் என்ற நம்பிக்கை வளர்ந்து வருகிறது. முயற்சியை நாம் வரவேற்கிறோம். ஆயினும் அதை எடைபோடும் படிக்கல் ஒன்றே: கருவி எத்தனை வெடிகளைக் கண்டது என்பதன்று, எத்தனையைக் காணாமல் விட்டது என்பதே. நூற்றில் தொண்ணூறு என்பது தேர்வெழுதிய மாணவனுக்குப் பெருமை. வயலில் இறங்கும் உழவனுக்கோ மீதிப் பத்தே விதி.

இன்று இலங்கையின் வடக்கே வெடி அகற்றும் பணி நடக்கும் முறையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நுழைவாயிலான முகமாலை பல ஆண்டுகள் போர்முனையாக இருந்த இடம். வெடிகள் மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்ட நிலங்களுள் ஒன்று. முகக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்த பணியாளர், அவருள் பெண்கள் பலர், முழங்காலிட்டு இரும்புப் பற்கள் கொண்ட வாரியால் மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுக்கிறார்கள். மேலிருந்து அழுத்தினால் வெடிக்கும் பொருளைப் பக்கவாட்டிலிருந்து அணுகுவதே இம்முறையின் நுட்பம். உலோகம் காட்டும் கருவி இல்லாமலில்லை. 1942இல் எல் அலமைன் போர்க்களத்தில் பயன்பட்ட, போலந்துப் பொறியாளர் கொசாட்ஸ்கி வடிவமைத்த கருவியின் வழிவந்தவை இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. ஆனால் குண்டுச் சிதறல்கள் இறைந்து கிடக்கும் மண்ணில் அக்கருவி அடிக்கொரு முறை ஒலிக்கும். பல மிதிவெடிகளோ பெரும்பாலும் நெகிழியால் ஆனவை. ‘ஜொனி’ என்று மக்கள் அறிந்தது மரப்பெட்டிக்குள் அடைத்த வெடி. ஆகவேதான் பணி அங்குலக் கணக்கில் நகர்கிறது.

வானிலிருந்து காண முயலும் வழிகளுள் முதன்மையானவை மூன்று. புதைந்த வெடியும் சூழ்ந்த மண்ணும் ஒரே வேகத்தில் சூடேறுவதில்லை, ஒரே வேகத்தில் ஆறுவதுமில்லை. அந்த வேறுபாட்டை அந்தியிலும் விடியலிலும் படம்பிடிப்பது அகச்சிவப்புக் கருவி. இரும்பின் இருப்பை உணர்வது காந்தமானி. மண்ணுக்குள் அலையைச் செலுத்தி எதிரொலியை வாசிப்பது தரையூடுருவும் ரேடார். ஆப்பிரிக்காவின் சாட் நாட்டு வடபாலைவனத்தில் ‘ஹியூமானிட்டி அண்டு இன்க்ளூஷன்’ என்னும் தொண்டு நிறுவனம் அகச்சிவப்புக் கருவி பொருத்திய வானூர்தியைப் பறக்கவிட்டு, மணலுக்கடியில் கிடந்த வெடிகளின் இடங்களைக் காட்டியது. பாராட்டத்தக்க வெற்றி அது.

ஆனால் சாட் வறண்ட மணல், வட இலங்கையின் வன்னி அப்படியன்று. பல்லாண்டுகள் ஆள் நடமாட்டமின்றிக் கிடந்த நிலத்தில் பற்றையும் முட்புதரும் மண்டி மண்ணின் வெப்பத்தை மறைக்கின்றன. மழைக்காலத்தில் ஈரமேறிய களிமண் ரேடார் அலையை விழுங்கிவிடும். காந்தப்புலமோ தொலைவு இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகச் சுருங்குவது. மரக்கிளைக்கு மேலே பறக்கும் காந்தமானிக்கு எட்டுவது மிகக் கொஞ்சம். கடல்நீரின் நிறம் பார்த்து மீன்கூட்டம் நிற்பதை நம் கரையோர முதியவர் சொல்லிவிடுவார். வலைக்குள் சிக்கியது என்ன என்பதைக் கரைக்கு இழுத்த பிறகே அவரும் சொல்வார். வானத்துக் கண்ணின் வரம்பும் அதுவே.

அவ்வரம்பை உணர்ந்து பயன்கொண்ட நாடு குரோவாசியா. வெடியைத் தேடுவதற்கு மாறாக, வெடி புதைத்தவர்கள் விட்டுச்சென்ற தடயங்களை அங்கே வானிலிருந்து தேடினார்கள். பதுங்குகுழிகள், அரண்கள், பயிரிடாமல் விட்ட வயல்கள் ஆகியவற்றைக் கொண்டு எந்த நிலம் ஐயத்துக்குரியது, எது ஐயமற்றது என்று பிரித்தார்கள். ஐயத்துக்குரிய பரப்பு சுருங்கினால் வாரியேந்தும் கைகள் தேவையான இடத்துக்கு விரைந்து போய்ச் சேரும். வன்னிக்கும் இவ்வழியே பொருந்தும். நிலத்தைத் தூயதென்று சான்றளித்து உரியவரிடம் ஒப்படைக்கும் அதிகாரம் மட்டும் மண்ணைத் தொட்டுப் பார்த்தவரிடமே இருக்க வேண்டும்.

எனவே சோதனை வன்னி மண்ணிலேயே நடக்கட்டும். வெடிமருந்து நீக்கிய வெடிகளை இடம் சொல்லாமல் புதைத்து வைத்து, கச்சான் காற்றில் ஒரு முறையும் மாரிக்குப் பின் ஒரு முறையும் பறந்து பார்க்கட்டும். பறந்த நிலத்தை வாரியால் முழுதும் கிளறி, கருவி தவறவிட்டவற்றை எண்ணி, அந்த எண்ணிக்கையை முதற்பக்கத்திலேயே வெளியிடட்டும். வெற்றியை மட்டும் விளம்பரப்படுத்தும் சோதனை, கருவி விற்பவனுக்கு உதவும். மீளக்குடியேறும் குடும்பத்துக்கு உதவாது.

காலமும் காத்திருக்கவில்லை. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. நிலத்தைத் தூய்மையாக்க அதற்கு விதிக்கப்பட்ட கெடு 2028 ஜூன் 1. இதற்கிடையே 2025இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது உலகின் பல பகுதிகளில் இப்பணி தடைபட்டது. அதே ஆண்டில் போலந்து, பின்லாந்து, பால்டிக் நாடுகள் ஆகியவை உடன்படிக்கையிலிருந்தே விலகத் தீர்மானித்தன. பழைய வெடிகளை அகற்றி முடிக்குமுன் புதியவற்றைப் புதைக்க உலகம் ஆயத்தமாகிறது.

இந்தியாவுக்கும் இதில் கடமை உண்டு. 1987 முதல் 1990 வரை நம் படை அம்மண்ணில் நின்றது. நம் வீரர்களும் அங்கே கண்ணிவெடிகளுக்கு உயிரும் உறுப்பும் இழந்தார்கள். போருக்குப் பின் ஏழு கண்ணிவெடி அகற்றும் குழுக்களுக்கு நம் அரசு பொருளுதவி செய்தது. அது நற்செயல். எனினும் இந்தியா இன்றுவரை அவ்வுடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. 2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பின் நம் மேற்கெல்லையின் விளைநிலங்களிலும் வெடிகள் புதைக்கப்பட்டன. அவற்றால் விளைந்த துயரை அங்குள்ள உழவர்கள் அறிவார்கள்.

புதுதில்லிக்கு நம் கோரிக்கை இரண்டு. வன்னியில் நடக்க வேண்டிய வான்வழிச் சோதனைக்கு நம் அறிவியல் நிறுவனங்களின் துணையையும் பொருளையும் இலங்கைக்கு வழங்குக. உடன்படிக்கையில் சேரும் நாளைக் குறித்து நாடாளுமன்றத்தில் அறிவித்திடுக. முன்னதைச் செய்து பின்னதைத் தள்ளிப்போடும் அரசு, அண்டை நாட்டு மண்ணிலிருந்து எடுக்கச் சொல்வதைத் தன் மண்ணில் புதைக்கும் உரிமையை வைத்துக்கொள்கிறது. அந்த இரட்டை நிலை இந்தியாவுக்கு அழகன்று.