அவகாசம் கேட்பது விடையாகுமா?

மாணவர்களே, சட்டவாக்கத்துறை நிறைவேற்றுத்துறையைக் கட்டுப்படுத்தும் வழிகள் யாவை எனக் கேட்டால், "வினா எழுப்புதல்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நம்பிக்கையில்லாப் பிரேரணைக்குத் தாவிவிடுகிறீர்கள். அப்பிரேரணை எப்போதாவது வருவது. வாய்மூல விடைக்கான வினாக்களோ பாராளுமன்ற அமர்வுகளில் வழமையாக இடம்பெறுபவை. ஆகவே இவற்றையே நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது எனது கருத்து.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி அமைச்சரவை பாராளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. பதிலளிக்கும் கடப்பாடும் உடையது. இக்கடப்பாட்டை நாம் கண்ணால் காண்பது வினா நேரத்திலேயே. உறுப்பினர் எழுத்தில் முன்னறிவித்தல் கொடுத்த வினா ஒழுங்குப் பத்திரத்தில் அச்சாகும். உங்கள் இரண்டாம் பத்திர வினாக்களைப் போலவே (அ), (ஆ), (இ) எனப் பிரிந்திருக்கும். ஒரு கல்வி வலயத்தில் கணித ஆசிரியர் வெற்றிடங்கள் எத்தனை, அவை எப்போது நிரப்பப்படும் என்று கேட்டு, "இன்றேல், ஏன்?" என முடியும். வினாவின் பலமே இந்த இரண்டு சொற்களில்தான் இருக்கிறது. செய்யாததற்கும் அமைச்சர் காரணம் சொல்லியாக வேண்டும்.

எழுத்திலுள்ள விடையைத் தயாரிப்பவர்கள் அதிகாரிகள். அமைச்சருக்கு விடயம் தெரியுமா என்பது அதன்பின் கேட்கப்படும் குறைநிரப்பு வினாவில் வெளிச்சமாகிவிடும். (பரீட்சையில் பலர் இதனை எழுதத் தவறுகின்றனர்.)

ஹன்சாட்டைப் புரட்டினால், அமைச்சர்கள் இரண்டு வார கால அவகாசம் கோருவதையும், வினா மற்றொரு தினத்துக்குத் தள்ளப்படுவதையும் அடிக்கடி காணலாம். நாடு முழுவதிலுமிருந்து புள்ளிவிபரம் திரட்ட வேண்டுமாயின் அவகாசம் நியாயமே. ஆனால் ஒரு வலயத்தின் ஆசிரியர் வெற்றிடங்கள் அமைச்சின் கோவையிலேயே இருக்க வேண்டியவை. அதற்கும் அவகாசம் கேட்டு, தவணை முடிந்தபின் விடை வருமானால், அந்தப் பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமலே பரீட்சை எழுதி முடித்திருப்பார்கள்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சாதாரண பிரசை ஒருவர் விண்ணப்பித்தால், தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் எடுக்க வேண்டும். அலுவலரிடம் எதிர்பார்க்கும் விரைவை அமைச்சரிடமும் எதிர்பார்ப்பதில் பிழையில்லை. ஒருமுறை அவகாசம் கேட்கட்டும். இரண்டாம் முறையும் கேட்பவர் தாமதத்துக்கான காரணத்தைச் சபையில் எழுந்து சொல்லட்டும். அதுவும் ஹன்சாட்டில் பதிவாகட்டும்.