வாங்கினதா? வாடகையா?

ஏற்காடு ஏரியில் படகு எடுத்தால், நேரம் முடிந்ததும் இறங்கத்தான் வேண்டும். அது வாடகை. எல்லோருக்கும் தெரியும், சண்டை இல்லை.

ஆனால், காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கடைக்காரரே வீடு புகுந்து எடுத்துப் போனால்? வீடியோ கேம் வியாபாரத்தில் இதுதான் நடக்கிறது!

பிரான்ஸ் நாட்டு யூபிசாஃப்ட் கம்பெனி 2014-ல் 'தி குரூ' என்ற கார் பந்தய கேமை விற்றது. 2024 மார்ச் 31-ல் சர்வரை மூடியது. கேம் காலி! டிஸ்க் வாங்கியவர் கையில் மிஞ்சியது வெறும் தட்டு.

இப்போது கம்பெனிகள் மாதச் சந்தா பக்கம் இழுக்கின்றன. கட்டும்வரை விளையாட்டு, நிறுத்தினால் அத்தனையும் போச்சு. விலையும் நிற்பதில்லை. மைக்ரோசாஃப்டின் 'கேம் பாஸ் அல்டிமேட்' அமெரிக்காவில் மாதம் 20 டாலராக இருந்தது. 2025 அக்டோபரில் 30 டாலருக்குத் தாவியது.

சிக்னல் சரியாகக் கிடைக்காத சேர்வராயன் மலைக் கிராமத்துப் பையன், பழைய டிஸ்க் கேமைத் தம்பிக்குக் கொடுக்கலாம்; பாதி விலைக்கு விற்கலாம். சந்தாவை விற்க முடியுமா?

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டம் வந்துவிட்டது. கொடுப்பது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல், 'வாங்குங்கள்' என்று போட முடியாது.

நம் நாட்டில், சந்தாவை ரத்து செய்யவிடாமல் இழுத்தடிக்கும் 'சந்தாப் பொறி'க்கு 2023-லேயே தடை வந்தது. நல்லது. அதோடு நின்றால் போதாது. வாடகை என்றால் வாடகை என்று கொட்டை எழுத்தில் போடச் சொல்லுங்கள். படகுக்காரர் சொல்கிறார், பணக்காரக் கம்பெனி சொல்லக்கூடாதா?