தலையெழுத்தா, இரத்தக் கொழுப்பா?

முப்பது வயது வாலிபர் மாரடைப்பால் மாண்டால் 'தலையெழுத்து' என்கிறார்கள். தகப்பனாரும் அப்படியே மாண்டவரென்றால் 'குல சாபம்' என்று பரிகாரம் செய்கிறார்கள். (புரோகிதருக்கு இரட்டை வரும்படி!) அந்த வாலிபரின் இரத்தத்தை என்றாவது சோதித்தீர்களா என்று நாம் கேட்கிறோம். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு, எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்டிராலைக் கல்லீரல் சரிவர அகற்றாத குறை பெற்றோர் வழியாகவே வருகிறது. கொலஸ்டிராலைச் சரீரம் கட்டுப்படுத்தும் விதத்தைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசே கிடைத்தது. இக்குறையுள்ளோர் நெய்யையும் இறைச்சியையும் குறைப்பது நல்லதே. அது மட்டும் போதாது. நோவொன்றும் தெரியாத இளமையிலேயே, வைத்தியர் சொல்லும் ஸ்டாட்டின் மாத்திரையை விடாமல் உட்கொள்ள வேண்டும். குறையுள்ள இருவர் சொந்தத்திற்குள் மாமன் மகள், அத்தை மகன் என்று மணந்தாலோ, பிள்ளைக்குப் பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வரக்கூடும். பத்துப் பொருத்தத்தில் இது எத்தனையாவது பொருத்தம் என்பதை ஜோசியர்தான் சொல்லட்டும்.