கொல்லைக் கோழிக்கு ஏன் தடை?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசன். அங்கே 2004-க்கு முன்பு வீட்டுக் கொல்லையில் கோழி வளர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆனாலும் பலர் மறைவாக வளர்த்தார்கள். பிறகு ஒன்றுகூடி, நகரமன்றத்திடம் நேரடியாகவே விதியை மாற்றக் கேட்டார்கள்.

கேட்டது கிடைத்தது. அன்றைய விதிப்படி, வீட்டுக்கு நான்கு கோழிகள் வரை வளர்க்கலாம், சேவல் கூடாது, கொல்லையில் அறுக்கக் கூடாது, அண்டை வீட்டிலிருந்து 25 அடி தள்ளியே கூடு இருக்க வேண்டும். நியாயமான விதிகள் இவை. விடியுமுன் கூவி ஊரை எழுப்புவது சேவல்தான். முட்டையிட்டதும் சற்று நேரம் கொக்கரித்து அடங்கிவிடும் பெட்டைக்கும் அதே தடை எதற்கு?

அமெரிக்காவின் சியாட்டில் நகரமும் 2010-இல் இதே வழியில் போனது. மூன்று கோழி என்ற வரம்பை எட்டாக உயர்த்தி, புதிதாகச் சேவல் வளர்ப்பதைத் தடுத்தது.

எதிர்ப்பவர்களின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கோழிகளிடமிருந்து சால்மோனெல்லா கிருமி மனிதருக்குத் தொற்றும். சிறு குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல். பறவைக் காய்ச்சலும் இருக்கிறது. சிந்திய தீவனத்துக்கு எலி வரும். ஆனால் கைகழுவுதல், கூட்டை நாள்தோறும் சுத்தம் செய்தல், தீவனத்தை மூடிவைத்தல் ஆகியவற்றால் பெருமளவு தவிர்க்கக்கூடியவை இவை. முழுத்தடை போட்டால் வளர்ப்பு மறைவுக்குள் போகும். கூட்டைப் பார்வையிடவோ நோயைக் கண்டறியவோ வழியிருக்காது. நாற்றத்துக்கும் இரைச்சலுக்கும் அபராதம் விதிக்கட்டும்; ஒழுங்காக வளர்ப்பவரை நகரமன்றங்கள் விட்டுவிட வேண்டும்.