செலவை எழுதாத கணக்குப் புத்தகம்

அமெரிக்க ஃபுட்பால் பார்க்கிற நண்பர்களிடம் "யார் நல்ல குவார்ட்டர்பேக்?" என்று கேட்டால் உடனே ஒரு எண்ணை நீட்டுகிறார்கள்: பாஸர் ரேட்டிங். என்.எஃப்.எல் 1973-லிருந்து வைத்திருக்கும் கணக்கு, உச்சம் 158.3. பி.காம் படிக்கிறவனாகச் சொல்கிறேன் மக்களே, இதை எங்கள் ஆடிட்டிங் வாத்தியாரிடம் காட்டினால் நோட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்.

இதில் பார்ப்பது நாலே விஷயம். எத்தனை சதவீத வீச்சு சேர வேண்டிய கைக்குச் சேர்ந்தது, வீச்சுக்கு எத்தனை யார்டு, எத்தனை டச்டவுன், எத்தனை பந்தை எதிரணி பிடித்தது. பந்தை வீசுவதற்குள் மடக்கி வீழ்த்துகிறார்களே, அந்த 'சாக்' கணக்கில் வராது.

விளைவைப் பாருங்கள். ஆபத்து வரும்போது புத்திசாலித்தனமாகப் பந்தை வெளியே எறிந்தால் அது தவறிய வீச்சு, ரேட்டிங் இறங்கும். பந்தைக் கட்டிக்கொண்டு நின்று 8 யார்டு பின்னால் விழுந்தால் ரேட்டிங்கில் ஒரு கீறலும் விழாது! நஷ்டம் அணிக்கு, பெயர் இவருக்கு.

2021-ல் ஜோ பர்ரோ 520 முறை வீசி 4,611 யார்டு எடுத்தார். வீச்சுக்கு 8.9. அடடா! ஆனால் அதே சீசனில் 51 சாக், 370 யார்டு நஷ்டம். அதைக் கழித்து, அந்த 51-ஐயும் முயற்சிகளோடு சேர்த்து வகுத்தால் 7.4. முன்னது மொத்த லாபம், பின்னது நிகர லாபம். அப்போதும் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் உண்மையான எண் இதுதான்.

"சாக் என்பது முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களின் தப்பு" என்பீர்கள். பாதி நியாயம்தான். ஆனால் 5 யார்டு வீச்சைப் பிடித்து ரிசீவர் 60 யார்டு ஓடினால், அத்தனையையும் குவார்ட்டர்பேக் பேரில் வரவு வைத்தபோது இந்த நியாயம் எங்கே போயிருந்தது?

சில வரவும் விட்டுப்போகிறது. 2019-ல் லமார் ஜாக்சன் காலால் ஓடியே 1,206 யார்டு சேர்த்தார். ரேட்டிங்குக்கு அது பூஜ்யம். அந்த ஆண்டு ரேட்டிங்கில் முதலிடம் ரயன் டானஹில். ஆனால் எம்விபி ஓட்டு ஒன்றுவிடாமல் லமாருக்கு.

அதற்காக "எண்ணே வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும்" என்பவர்கள் பக்கமும் நான் இல்லை. கண்ணுக்கு நேற்றைய நீளமான வீச்சு மட்டும்தான் ஞாபகமிருக்கும். கணக்குப் பாருங்கள். ஆனால் பற்று, வரவு இரண்டையும் எழுதிப் பாருங்கள். ஒரு ஆளுக்குக் கோடிகளில் சம்பளம் தருவதும், அவரை பெஞ்சில் உட்கார வைப்பதும் பாதிக் கணக்கை வைத்து முடிவாகக் கூடாது.