கடலுக்கும் ஒரு கால அட்டவணை



"சனிக்கிழமை சுற்றுலா" என்று சொல்லிவிட்டால் போதும், வெள்ளிக்கிழமை இரவு பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது. தண்ணீர்ப் போத்தல், தொப்பி, துடைத்து வைத்த சப்பாத்து எல்லாம் வாசலில் தயாராக இருக்கும். பிள்ளைகள் தயார்தான். அழைத்துப் போகும் ஆசிரியர் தயாரா? இந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்டுக்கொள்ளாமல் போன ஒரு நாளைப் பற்றித்தான் இம்மாதம் எழுதப் போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தோட்டப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் 36 பேரைக் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். மலேசிய இயற்கைக் கழகமும் சிலாங்கூர் மாநில அரசும் சேர்ந்து 1987இல் உருவாக்கிய பூங்கா அது. கடலோரச் சதுப்பு நிலக்காட்டைப் பிள்ளைகள் கண்ணால் காண நல்ல இடம். பஸ் மலிவாகக் கிடைத்த ஒரு சனிக்கிழமையில் நாள் குறித்தேன். "அன்னிக்கு அஷ்டமியாச்சே, டீச்சரம்மா" என்றார் ஒரு மாணவனின் பாட்டி. நான் சிரித்துக்கொண்டேன். படித்தவள் அல்லவா!

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சேறு இருக்க வேண்டிய இடமெல்லாம் தண்ணீர். சேற்றில் துள்ளும் பெலாச்சாக் மீனையும், ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டி அழைக்கும் நண்டையும் பார்க்கப் போகிறோம் என்று ஒரு வாரமாகப் பாடம் நடத்தியிருந்தேன். ஒன்றும் கண்ணில் படவில்லை. பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டியது. சமாளிப்பதற்காகப் பக்கத்திலிருக்கும் மெலாவாத்தி குன்றுக்கு அழைத்துப் போனேன். அங்கே லுத்தோங் குரங்குகள் கூட்டமாக உண்டு. தாய் சாம்பல் நிறம், கைக்குட்டியோ நல்ல ஆரஞ்சு நிறம். அதைக் கண்டதும் பிள்ளைகள் திசைக்கு ஒருவராக ஓடினார்கள். பஸ்ஸில் ஏற்றித் தலையை எண்ணினால் 35.

அடுத்த இருபது நிமிடங்களை நான் இன்றும் மறக்கவில்லை. பையன் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் குரங்கு பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைமையாசிரியரிடம் சொன்னேன். "கிடைத்துவிட்டானே, இனி எதற்கு" என்று வீட்டாரிடம் மட்டும் சொல்லாமல் விட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. பையனே வீட்டில் சொல்லிவிட்டான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடியும் போக முடிவு செய்தபோதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம் மேற்குக் கரையில் கடல் நாளொன்றுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். கிள்ளான், கோல சிலாங்கூர் பக்கம் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் காலையிலும் மாலையிலும் நீர் ஏறி, நண்பகலை ஒட்டி நன்றாக வற்றும். அஷ்டமியை ஒட்டிய நாட்களிலோ நண்பகலை ஒட்டி நீர் ஏறி நிற்கும். பாட்டி நல்ல நேரம் பார்த்துச் சொன்னார்; கடல் தன் நேரத்தைப் பார்த்தது. இரண்டையும் கேட்காமல் புறப்பட்டவள் நான் ஒருத்திதான்!

ஆகவே, சுற்றுலா நாளைப் பஸ்காரரிடம் கேட்டுக் குறிக்காதீர்கள். கடலிடம் கேட்டுக் குறியுங்கள். நம் கடற்படையின் நீரியல் நிலையம் ஆண்டுதோறும் நீரேற்ற அட்டவணை வெளியிடுகிறது. அது கைக்கு வருமுன் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியைப் பாருங்கள். அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ ஓரிரு நாள் முந்திய தேதியாக இருந்தால் காலை பத்து, பத்தரைக்கே சேறு வெளிப்படும். வெயிலும் உறைக்காது, பிற்பகல் இடி மழைக்கு முன் திரும்பியும் விடலாம். அட்டவணையில் சரிபார்த்த பிறகே தேதியை உறுதி செய்யுங்கள்.

அடுத்தது, ஆசிரியர் ஒருமுறை முன்னதாகவே போய்வர வேண்டும். பலகைப் பாதை திறந்திருக்கிறதா, கழிவறை எங்கே, மழை வந்தால் ஒதுங்க இடமுண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நடந்து பார்த்தோம். பிள்ளைகளை ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து ஒரு பெரியவரை நியமித்தோம். தலை எண்ணும் இடங்களையும் தாளில் குறித்தோம்.

இவ்வளவும் செய்தபின் அனுமதிக் கடிதங்களை அனுப்பினேன். ஒன்று மட்டும் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. அதே வீடு. அந்தப் பையனின் தங்கை இப்போது ஐந்தாம் ஆண்டு.

மாலையில் லயத்துக்குப் போனேன். பாட்டி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டார், தேநீர் கொடுத்தார், முகம் கொடுத்துப் பேசவில்லை. "அன்னிக்கு உங்க பேரனை இருபது நிமிஷம் தொலைச்சிட்டேன், பாட்டி. அதை நானே வந்து உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு" என்றேன்.

முறத்தைக் கீழே வைத்தார். "கடல் பக்கம்னாலே எனக்கு வயித்தக் கலக்குது டீச்சரம்மா. சுனாமிய டிவியில பார்த்தவ நான்" என்றார். அவர் பயத்தில் நியாயம் உண்டு. 2004 டிசம்பர் 26இல் நம் நாட்டிலும் 68 உயிர்கள் போயின, பெரும்பாலும் பினாங்கில். நாங்கள் போவது குளிக்கும் கடற்கரைக்கு அல்ல, மரங்கள் அடர்ந்த சேற்றுக் காட்டுக்கு என்று விளக்கினேன். அந்த மரங்களின் வேர்கள் அலையின் வேகத்தைத் தணிக்கும் என்பதையும், நாம் சம்பல் வைக்கும் இறாலில் பல வகை குஞ்சாக வளர்வது அங்கேதான் என்பதையும் சொன்னேன். பிறகு என் தாளைக் காட்டினேன். பேத்தியின் குழு எது, பொறுப்பாளர் யார், எங்கெங்கே எண்ணுவோம் என்று விரல் வைத்துக் கேட்டார். கடைசியில், "பஸ்ஸுல மட்டும் எண்ணாதீங்க. குரங்கைப் பார்த்த பிறகும் எண்ணுங்க" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார். அதையும் தாளில் எழுதிக்கொண்டேன்.

அந்த முறை பத்து மணிக்கு முன்பே போய்விட்டோம். குழுவுக்கு ஒரு இடம். பத்து நிமிடம் பேச்சில்லாமல் பலகைப் பாதையில் நின்று, கண்ணெதிரே உள்ள சேற்றில் எத்தனை நண்டு வெளிவருகிறது என்று எண்ணி எழுத வேண்டும். சத்தம் போட்டால் நண்டு வளைக்குள் போய்விடும். ஆகவே யாரும் சொல்லாமலே வகுப்பு அமைதியானது! கடல் பக்கத்து அப்பி-அப்பி மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் போல வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சேற்றுக்குள் காற்று இல்லை, ஆகவே வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது என்று ஒரு மாணவன் தானே கண்டு சொன்னான். பாட்டியின் பேத்தி 23 நண்டு, 4 பெலாச்சாக் என்று எழுதியிருந்தாள். "டீச்சர், மீன் ஏன் மூழ்காமல் தரையில் இருக்கிறது?" என்று கேட்டாள். ஈரமாக இருக்கும்வரை தோலாலும் அது சுவாசிக்கும் என்று சொன்னேன்.

குரங்கைப் பார்த்த பிறகும் எண்ணினோம். எல்லாரும் இருந்தார்கள்.

பெற்றோர்களே, அடுத்த முறை பிள்ளை அனுமதிக் கடிதம் கொண்டுவந்தால் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். நாளை எப்படிக் குறித்தீர்கள், முன்னால் போய்ப் பார்த்தீர்களா, என் பிள்ளை யார் பொறுப்பில் என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆசிரிய நண்பர்களே, ஏதேனும் தவறு நடந்துவிட்டால் பிள்ளை வாய் திறக்குமுன் நீங்களே அந்த வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். தேநீர் கிடைக்கும்.