‘ஏத்தியாச்சு, இனி அழியாது’

புத்தக வெளியீடுகளிலும் நினைவேந்தல் கூட்டங்களிலும் இப்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழுகிறது. மறைந்த எழுத்தாளரின் கையெழுத்துப் படிகளோ, பழைய சிற்றிதழ்த் தொகுதிகளோ, நாட்டார் பாடல்கள் பதிந்த ஒலிநாடாக்களோ, எதைப் பற்றிய பேச்சானாலும் “எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஏத்தியாச்சு, இனி அழியாது” என்கிறார்கள். கூட்டம் கைதட்டுகிறது. சில வாரங்களில் மூலத்தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. இந்த நம்பிக்கை தவறு என்பதோடு விஷயம் முடியவில்லை. அழிவுக்கு வாசலைத் திறந்துவிடுவதே இந்த நம்பிக்கைதான். பத்திரமாகிவிட்டது என்று நினைக்கிற பொருளுக்கு யாரும் காவல் இருப்பதில்லை.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் பேட்டரிகள் தீப்பற்றின. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளை வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ என்ற சேமிப்பகம் அதில் எரிந்தது. 858 டெராபைட் போயிற்று. வேறிடத்தில் பிரதி இல்லை. அளவு மிகப் பெரிது, அதனால் எடுக்கவில்லை என்றார்கள். கணினித் தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு அது. அதன் பணியாளர் மேலாண்மை அமைச்சகம், அலுவலகக் கணினியில் எதையும் வைக்காதீர்கள், ஜி-டிரைவிலேயே வையுங்கள் என்று தன் ஊழியர்களுக்கு விதியும் போட்டிருந்தது. விதியை மதித்தவர்களே அதிகம் இழந்தார்கள்.

இணையமும் அப்படித்தான். 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் காணாமல் போய்விட்டன என்று பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்குக் காட்டியது. இதில் நம் வீட்டுக் கணக்கும் உண்டு. மரத்தடி, ராயர் காபி கிளப், அகத்தியர் ஆகிய யாஹூ குழுமங்களில் உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழர்கள் ஒரு காலத்தில் இரவு பகலாக எழுதினார்கள். சங்கப் பாட்டு முதல் சினிமாப் பாட்டு வரை அங்கே விவாதம் ஓடியது. பின்னாளில் பெயர் பெற்ற எழுத்தாளர்கள் சிலர் அங்கேதான் எழுதிப் பழகினார்கள். அவற்றைச் சேமித்து வைத்திருந்தது யாஹூ. 2019 அக்டோபரில் ஓர் அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பழைய மடல்களை அழிக்கத் தொடங்கினார்கள். 2020 டிசம்பரில் சேவையே மூடப்பட்டது. யாராவது தம் கணினியில் இறக்கி வைத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இதே நிறுவனம் 2009இல் ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணையப்பக்கச் சேவையை மூடியபோது தமிழின் முதல் தலைமுறை இணையப் பக்கங்கள் பலவும் இப்படித்தான் போயின. பத்தாண்டு இடைவெளியில் அதே வீட்டில் இரண்டாவது முறை கன்னம் வைக்க விட்டிருக்கிறோம்.

காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் இதே கதிதான். 2009இல் அமேசான், வாசகர்கள் வாங்கிய கிண்டில் கருவிகளுக்குள் புகுந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை நீக்கியது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையைச் சாத்தியபோது வாங்கிய நூல்கள் எல்லாம் திறக்காமல் போயின. பணம் திரும்ப வந்தது, நூல் வரவில்லை. நிறுவனங்களைத் திட்டுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. நாம் படிக்காமல் ‘சம்மதம்’ அழுத்திய ஒப்பந்தத்தில் இந்த உரிமையை அவர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

தீயும் மூடுவிழாவும் கண்ணுக்குத் தெரியும் அழிவுகள். சத்தமே இல்லாத அழிவு ஒன்று உண்டு. கோப்பு இருக்கும், திறக்க முடியாது. தமிழில் இந்த வகைதான் அதிகம் என்பது என் எண்ணம்.

1990களிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தமிழ்ப் பதிப்புலகின் பெரும்பகுதி பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஓடியது. திருவல்லிக்கேணியில் டிடிபி கடை நடத்திய நண்பர் ஒருவரிடம் அந்தக் கால சிடிக்கள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவில் நூலின் பெயர், ஆசிரியர் பெயர், ‘ஃபைனல்’, சிலவற்றில் அதற்கும் கீழே ‘ஃபைனல் 2’. கவிதைத் தொகுப்புகள், வட்டார வரலாறுகள், ஒரே பதிப்போடு நின்றுபோன மொழிபெயர்ப்புகள். மறுபதிப்புக்கு யாராவது வந்து கேட்டால் அவர் கையை விரிக்கிறார். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்ததோடு சரி. இன்றைய கணினியில் அதை நிறுவுவதே பெரும்பாடு. அதைத் தாண்டினால் எழுத்துரு இல்லை. அவர் வாங்கிய தமிழ் மென்பொருள் பூட்டோடு வந்தது. பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிள் இருந்தால்தான் வேலை செய்யும். டாங்கிள் இன்னும் அவரிடம் இருக்கிறது. அதைச் செருகுவதற்குப் பிரிண்டர் போர்ட் உள்ள கணினி கிடையாது. விற்ற நிறுவனத்தின் தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. கடைசியில் அச்சான புத்தகத்தை எங்கிருந்தாவது தேடிப் பிடித்து மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தட்டச்சு செய்கிறார்கள். புத்தகமும் கிடைக்காவிட்டால் அந்த நூல் முடிந்தது.

உலகப் பொதுக் குறியாக்கமான யூனிகோட் பரவுமுன் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு குறியாக்கம் வைத்திருந்தது. ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடமும் பரவிய பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்றுதான் தெரியும். முந்நூறு பக்கமும் அப்படியே இருந்தால் வாரிசுகளுக்கு அது குப்பையாகத்தான் படும். அழித்துவிட்டு இடம் பண்ணுவார்கள்.

இந்தக் கோப்புகளுக்கு இன்று உயிர்கொடுப்பவர்கள் யார் என்று பாருங்கள். விற்றவர்கள் போய்விட்டார்கள். லிபர்ஆபீஸ் என்னும் கட்டற்ற மென்பொருளின், அதாவது யாரும் நிரலைப் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருளின், நிரலாளர்கள் 2014இல், கைவிடப்பட்ட கோப்பு வடிவங்களை மீட்பதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கினார்கள். யாரும் விவரம் தராத வடிவங்களை பைட் பைட்டாகப் பிரித்துப் படித்து, 2015இல் பேஜ்மேக்கர் கோப்பு லிபர்ஆபீஸில் திறக்கும்படி செய்துவிட்டார்கள். பக்க அமைப்பு குலையும், படங்கள் இடம் மாறும், ஆனால் எழுத்து கைக்கு வந்துவிடும். அதைப் பாமினியிலிருந்தோ டிஸ்கி என்னும் பழைய குறியாக்கத்திலிருந்தோ யூனிகோடுக்கு மாற்ற ‘ஓப்பன்-தமிழ்’ போன்ற திறமூல நிரல்கள் இருக்கின்றன, அவற்றைத் தமிழர்களே எழுதியிருக்கிறார்கள். எந்தக் குறியாக்கத்துக்கு எது இணை என்ற அட்டவணையும் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கிறது. நாளை அந்த நிரலை எழுதியவர்கள் விலகினாலும் அட்டவணை இருக்கும். கணினி தெரிந்த எந்தக் கல்லூரி மாணவரும் புதிதாக ஒன்று எழுதிவிடலாம்.

அறிவு நிலைப்பது சேமிப்பதால் அன்று. தொடர்ந்து பிரதி எடுக்கவும், திறந்து பார்க்கவும், புது வடிவுக்கு மாற்றவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத நிலையில்தான் அது நிலைக்கிறது. தமிழர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது அவர் கையில் இருந்தவை அந்தப் புலவர்கள் எழுதிய ஏடுகளா? நம் வெயிலுக்கும் கரையானுக்கும் ஓலை சில நூற்றாண்டுக்கு மேல் தாங்காது. மடத்திலும் வீட்டுத் திண்ணையிலும் பெயர் தெரியாத எத்தனையோ பேர் பழைய ஓலையைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள் எழுதினார்கள். அந்தச் சங்கிலி அறாத நூல்கள் நமக்குக் கிடைத்தன. அறுந்தவற்றின் பெயர்கள் மட்டும் உரைகளில் இருக்கின்றன. பெட்டிக்குள் பூட்டி வைத்த ஏட்டுக்கு யாராலும் ஆயுள் கூட்ட முடியவில்லை.

பாரதியின் எழுத்துகளுக்கான உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் தன்வசம் வாங்கி, பிறகு அதை மக்களுக்கே விட்டுக்கொடுத்தது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானது. ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருளுக்கான பொது உரிமத்தை எழுதியது 1989இல். ஒரு படைப்பைப் பிரதி எடுக்கும் உரிமை எல்லோருக்கும் சொந்தம் என்ற முடிவை அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே எடுத்துக் காட்டிய சமூகம் இது. அதே சமூகம் இன்று தன் முழு நினைவையும் அந்நிய நிறுவனத்தின் இலவச 15 ஜிபிக்குள் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரியான வழியில் நடந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். நூல்கள் முதலில் மயிலை எழுத்துருவில் இருந்தன, பிறகு டிஸ்கிக்கு மாறின, அப்புறம் யூனிகோடுக்கு. இரண்டு முறை வீடு மாறியும் பாடம் தொலையவில்லை. யாரும் இறக்கிக்கொள்ளலாம், யாரும் பகிரலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டதால் இன்று அந்தப் பாடங்கள் எத்தனையோ தளங்களில், எத்தனையோ பேரின் கணினிகளில் கிடக்கின்றன. மூலத் தளம் நாளை நின்றாலும் திருக்குறளும் கம்பராமாயணமும் நின்றுபோகாது.

ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலகம் திட்டம் இன்னும் கனமான பாடம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே இடத்தில் இருப்பதன் பொருள் என்ன என்று ஈழத்தமிழரைவிட அறிந்தவர் யாரும் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் தளம், விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளில் ஓடுகிறது. நன்கொடை குறையலாம், வழங்கி மாறலாம். ஆனால் எந்த விற்பனையாளரும் அவர்கள் சேகரத்தைப் பூட்டி வைத்துப் பேரம் பேச முடியாது. முழுச் சேகரத்தையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு அடுத்த நாளே வேறு வழங்கிக்குப் போகலாம்.

உடனே வரும் மறுப்பு எனக்குத் தெரியும். “திறமூலம் என்றால் பொறுப்பேற்க ஆள் கிடையாது, பெரிய நிறுவனம் என்றால் ஏதாவது ஆனால் கேட்கலாம்.” டிடிபி நண்பர் யாரைக் கேட்டார்? ஆரக்கிள் 2010இல் சன் நிறுவனத்தை வாங்கியபோது, சன்னிடம் இருந்த ஓப்பன் ஆபீஸ் என்ற கட்டற்ற மென்பொருளின் எதிர்காலம் கேள்விக்குள்ளானது. அதை உருவாக்கிவந்தவர்களில் பலர் நிரலை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அதே ஆண்டு செப்டம்பரில் லிபர்ஆபீஸ் என்று வேறு பெயரில் தொடர்ந்தார்கள். பயனர்களின் கோப்புகள் தொடர்ந்து திறந்தன. உரிமையாளர் மனம் மாறினாலும் பொருள் சாகாது என்பதைவிடப் பெரிய பொறுப்பு எது?

“சாதாரண மக்களுக்கு அது வராது” என்பது அடுத்த மறுப்பு. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகக் கணினிக் கல்வி லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தில்தான் நடக்கிறது. கிராமத்து ஆசிரியர்களும் பத்து வயதுப் பிள்ளைகளும் அதைப் புழங்குகிறார்கள். அங்கே சுதந்திர மலையாளக் கணிமை என்ற தன்னார்வக் குழு தன் மொழிக்குக் கட்டற்ற எழுத்துருக்களை உருவாக்கியதோடு நிற்காமல், ‘மீரா இனிமை’ என்று ஒரு தமிழ் எழுத்துருவையும் செய்து இலவசமாக வெளியிட்டிருக்கிறது. பக்கத்து மாநிலத்தவர் நமக்குச் செய்து தந்த கொடை அது.

கட்டற்ற மென்பொருள் என்றாலே எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. அதற்கும் ஆள் வேண்டும், காசு வேண்டும், உட்கார்ந்து செய்யும் பொறுமை வேண்டும். கவனிப்பாரற்று நின்றுபோன திட்டங்கள் நிறைய. ஆனால் நின்றுபோன ஒன்றை இன்னொருவர் எடுத்துத் தொடரலாம் என்ற ஒரே ஒரு வித்தியாசம் இருக்கிறதே, காலங்காலமாக நிலைப்பதற்கு அது ஒன்றுதான் வழி.

என் கோபம் நிறுவனங்களைவிட, பொதுப்பணத்தில் ஸ்கேன் செய்துவிட்டுப் பூட்டிவைக்கும் நம் அமைப்புகள் மேல்தான் அதிகம். பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே பெரிய முத்திரை, எழுத்து மங்கும் அளவுக்குக் குறைந்த தரம், இறக்கிக்கொள்ள முடியாத பார்வைச் சாளரம். கேட்டால் ‘தவறாகப் பயன்படுத்துவார்கள்’ என்கிறார்கள். நூறாண்டு முன் இறந்துபோன ஆசிரியரின் நூலை எப்படித் தவறாகப் பயன்படுத்த முடியும்? மாறாகத் தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்கள் 2,000க்கும் மேற்பட்டவற்றின் ஸ்கேன்களை விக்கிமூலம் என்ற திறந்த இணைய நூலகத்துக்குத் தாராளமாகக் கொடுத்தது. தன்னார்வலர்கள் எழுத்துணரியில் ஓட்டி, வரி வரியாக மெய்ப்புப் பார்த்துவருகிறார்கள். கொடுத்ததால் கல்விக்கழகத்திடம் எதுவும் குறைந்துவிடவில்லை. அந்த நூல்களுக்கு இன்னொரு வீடு கிடைத்தது.

ஆகவே அரசு ஓர் எண்ணிமமாக்கத் திட்டத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, ஸ்கேன் படங்கள் முழுத் தரத்தில், திறந்த வடிவத்தில், யாரும் மொத்தமாக இறக்கிக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்று அதிலேயே எழுத வேண்டும். பாடம் யூனிகோடில் இருக்க வேண்டும். தளத்தை இயக்கும் நிரல் அரசுக்கும் மக்களுக்கும் சொந்தமாக இருக்க வேண்டும். வேறு வேறு நிர்வாகத்தின் கீழ், வேறு வேறு ஊர்களில் மூன்று பிரதிகளாவது இருக்க வேண்டும். பதிப்பகங்கள் தங்கள் பீரோக்களில் கிடக்கும் பேஜ்மேக்கர் கோப்புகளை இந்த ஆண்டே எடுத்து மாற்றத் தொடங்க வேண்டும். எந்த நூலை எந்த எழுத்துருவில் அடித்தோம் என்று சொல்லத் தெரிந்த டிடிபிக்காரர்கள் ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள். இதற்கெல்லாம் சட்டமன்றம் கூடிப் புதுச் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. 2010இல் யூனிகோடைத் தரக் குறியாக்கமாக அறிவித்தது ஓர் அரசாணைதான். இதற்கும் ஓர் அரசாணை போதும்.